தரை போடுவதற்கு முன்

வாசக அன்பர்களுள் பலருடைய பிள்ளைகள் இன்று குளிர்நாடுகளில் வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். அங்கே போய்ச் சில மாதம் தங்கும் பெற்றோர், பேரக் குழந்தைகளோடு அந்த வீடுகளின் வியாதிகளையும் அறிந்துகொள்ள நேருகிறது. நான் அறிந்துகொண்டது தரையைப் பற்றி.

2023ஆம் ஆண்டு சனவரி மாதம் டொராண்டோ நகரின் கிழக்கே ஸ்கார்பரோவில் மகள் வீட்டில் இருந்தேன். மருமகனின் தந்தையாகிய எங்கள் சம்பந்தி, கம்பளத்தின் விளிம்பில் கால் தடுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்தார். அவருக்கு இனி வாக்கர் இல்லாமல் நடை இல்லை. மாடிப்படியும் ஏற முடியாது. ஆகவே வீட்டின் பின்புறம், படியே இல்லாமல் நுழையக்கூடிய சாமான் அறையை அவருக்காக ஒதுக்கினார்கள். அங்கிருந்த பழங்கம்பளத்தை எடுத்துவிட்டு, ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ளும் வினைல் பலகைகளைப் போடுவதென்று முடிவாயிற்று. புதன்கிழமை அவர் வீடு திரும்புவதாக ஏற்பாடு. திங்கள் மாலை வரை பலகைப் பெட்டிகள் கார் நிறுத்தும் கொட்டகையில் கிடந்தன. வெளியே பூச்சியத்துக்குக் கீழே 12 பாகை குளிர்.

வேலைக்கு வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். அறைக்குள் நுழைந்ததும் அளவுநாடாவை எடுக்கவில்லை. சுவரில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். அது 9 பாகை காட்டியது. சாமான் அறைதானே என்று, சூடான காற்று வரும் துவாரத்தை எப்போதோ மூடிவைத்திருந்தார்கள்.

“நாளைக்கே போட்டு முடித்துவிடலாமா, அண்ணா?” என்று மருமகன் கேட்டார்.

“தம்பி, போடுறது ஒரு நாள் வேலைதான். ஆனால் அறை இன்னும் ஆயத்தமில்லை. பலகையும் குளிரிலை விறைச்சுப் போய்க் கிடக்குது” என்றார் அவர்.

வாடகைக்கு ஓர் எரிவாயு அடுப்பைக் கொண்டுவந்து ஒரே இரவில் அறையைச் சூடாக்கிவிடலாமே என்று மருமகன் யோசனை சொன்னார். அப்போதுதான் அந்த மனிதரின் குரல் உயர்ந்தது. “உதை மட்டும் செய்யாதேங்கோ!” எரிவாயு எரியும்போது நீராவியும் உண்டாகும், அந்த ஈரம் முழுவதும் குளிர்ந்த தரையின்மேல்தான் படியும். அதைவிடக் கொடியது, மூடிய அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடு. மணமும் நிறமும் இல்லாத அந்த நஞ்சு தூக்கத்திலேயே உயிரை வாங்கிவிடும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இத்தகைய அவசரத்தால் குடும்பங்கள் அழிகின்றன என்பதை நம் பிள்ளைகள் மறவாதிருக்க வேண்டும்.

துவாரத்தைத் திறந்து, வீட்டின் வெப்ப உலையைக் கொண்டே அறையைப் படிப்படியாகச் சூடாக்கினார்கள். செவ்வாய் காலை 20 பாகைக்கு வந்துவிட்டது. பெரும்பாலான வினைல் பலகைகளுக்கு 18 பாகைக்குக் குறையாமலும் 29 பாகைக்கு மிகாமலும் அறை இருக்க வேண்டும் என்கிறார்கள். தரைக்குள்ளேயே வெந்நீர்க் குழாய்கள் ஓடும் வீடுகளும் அங்கே உண்டு. அங்கும் தரையின் மேற்பரப்பு 29 பாகையைத் தாண்டலாகாது என்பதே பொதுவான விதி. எனினும் பெட்டியோடு வரும் குறிப்பே முடிவானது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? இருப்புப்பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே இடைவெளி விடுவதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். வினைலும் அப்படியே, ஏன், இரும்பைவிட மிகுதியாகவே நீளும், சுருங்கும். 5 மீட்டர் நீளமுள்ள அறையில் 15 பாகை மாறினால் சில மில்லிமீட்டர் வேறுபடலாம். குளிர்ந்த பலகையை அப்படியே பதித்தால் பின்னர் சூட்டில் நீண்டு, இடமின்றி மேலே எழும்பும். போதாக்குறைக்குக் குளிரில் பலகை முறுமுறுப்பாகிவிடுவதால், பொருத்தும் நாக்குகள் ஒடிந்துபோகும். எழும்பிய ஒரு விளிம்பு போதும், வாக்கரின் கால் இடற. ஒருமுறை விழுந்து வருகிறவருக்கு அடுத்த விழுக்காட்டைத் தாங்கும் எலும்பு எங்கே இருக்கிறது?

கம்பளத்தின் அடியில் வெறும் கான்கிரீட் இருந்தது. பழைய வீடுகளில் 9 அங்குலச் சதுர ஓடுகள் தென்பட்டால், அவற்றில் கல்நார் இருக்கக்கூடும். ஆய்வு செய்யாமல் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. கல்நார்ப் பொருள்களுக்குக் கனடா பொதுவான தடை விதித்தது 2018இல்தான்.

தரையின் ஈரத்தை அறிய, 18 அங்குலச் சதுரமான பிளாஸ்டிக் தாளை நாற்புறமும் ஒட்டி, செவ்வாய் முழுவதும் அப்படியே விட்டார். புதன் காலை பிரித்தபோது நீர்த்துளியும் இல்லை. கான்கிரீட் கறுக்கவும் இல்லை. இது முரட்டுச் சோதனைதான். ஐயம் இருந்தால் கான்கிரீட்டில் துளையிட்டு ஈரப்பதம் அளக்கும் கருவியே நம்பத்தக்கது என்று அவரே சொன்னார். பிறகு 10 அடி மட்டப்பலகையைத் தரையின் எல்லாத் திசையிலும் வைத்துப் பார்த்தார். 3/16 அங்குலத்துக்கு மேல் பள்ளம் கூடாதாம். சன்னலோரம் ஓரிடத்தில் இருந்தது. தானே பரவி மட்டமாகும் சிமெண்டுக் கலவையை ஊற்றி, உலர விட்டார்கள். அறை சூடாக இல்லாவிட்டால் இக்கலவையும் ஒழுங்காக இறுகாது.

அன்று மதியமே சம்பந்தி வந்துவிட்டார். கூடத்தில் கட்டில் போட்டோம். தொலைக்காட்சிச் சத்தத்துக்கும் குழந்தைகளின் ஓட்டத்துக்கும் நடுவே மூன்று நாள் கிடந்தார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. மருமகனுக்குத்தான் மனம் கொதித்தது. “அப்பாவை இப்படிக் கூடத்தில் போட்டுவைக்கிறோமே, மாமா” என்று இருமுறை என்னிடம் முறையிட்டார். மகன் கொதிப்பது நியாயமே. பலகை காத்திருப்பதும் நியாயமே. இரண்டுக்கும் இடையில் நான் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

வியாழன் காலை பெட்டிகள் அறைக்குள் வந்தன. துவாரத்துக்கு அருகில் இல்லாமல், நிமிர்த்தி வைக்காமல், படுக்கையாகப் பரப்பி 48 மணி நேரம் விட்டார்கள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கிய வேலை பிற்பகல் மூன்றுக்கு முடிந்தது. சுவரோரம் சுற்றிலும் கால் அங்குலம் இடைவெளி விட்டு, அதன்மேல் மரச்சட்டம் அடித்து மறைத்தார். சட்டத்தைச் சுவரோடுதான் அடிக்க வேண்டும், தரையோடு அல்ல. அலமாரியையும் தரையோடு முடுக்கக் கூடாது என்றார். இன்னும் இரண்டு நாள் இரவிலும் சூட்டைக் குறைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வெப்பமானியை எங்களிடமே விட்டுப்போனார்.

ஞாயிறு பிற்பகல் சம்பந்தி வாக்கரோடு வாசலிலிருந்து சன்னல் வரை நடந்தார். வழியில் எங்கும் தட்டவில்லை. அறை வெதுவெதுப்பாக இருந்தாலும் அடியில் கான்கிரீட் அல்லவா, தரை சற்றுச் சில்லென்றே இருந்தது. வழுக்காத அடிப்பாகமுள்ள செருப்பு ஒன்று வேண்டும் என்றும், கட்டிலைச் சன்னல் பக்கமாகத் தள்ளிப் போடும்படியும் சொன்னார்.