மஞ்சள் தாளும் மாட்டுத் தோலும்

ஆரத்தி நீர் ஏன் சிவக்கிறது?

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒருநாள் இக்கேள்வியைப் போட்டேன். கண்ணேறு கழிவதால் என்றான் ஒருவன். அம்மன் அருள் என்றாள் ஒருத்தி. பொறாமைக்காரரின் இரத்தம் அதில் இறங்குகிறது என்று பாட்டி சொன்னதாக இன்னொருவன் எழுந்து நின்று முழங்கினான்! பாட்டிகளைக் குறை சொல்வானேன்? அவர்களுக்கு எந்தப் பள்ளி கதவு திறந்தது?

அது 1987-ஆம் ஆண்டு. தாம்பரத்தில் குடியிருந்து, மின்சார ரயிலில் இரண்டு நிலையம் கடந்து, குரோம்பேட்டையில் ஆசிரியப் பணி ஆற்றி வந்தேன். ஆய்வுக்கூடம் என்றொரு அறை பள்ளியில் இல்லை. லிட்மஸ் தாள் வாங்கப் பணமும் இல்லை. இல்லாவிட்டால் என்ன, மஞ்சள் இருக்கிறதே! அரைத்த மஞ்சளைத் தாளில் பூசி உலர்த்திக் கீற்றுக் கீற்றாக நறுக்கினோம். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து, தெளிந்த நீரில் ஒரு கீற்றைத் தோய்த்தேன். சிவந்தது! அதன்மேல் எலுமிச்சையைப் பிழிந்தேன். மீண்டும் மஞ்சள்!

"கழிந்த கண்ணேறு திரும்பி வந்துவிட்டதா?" என்றேன். வகுப்பு குலுங்கிச் சிரித்தது.

மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தைக் கண்டால் சிவக்கும். அமிலத்திலும் வெறுந்தண்ணீரிலும் மஞ்சளாகவே நிற்கும். ஆகவே அமிலத்தை அடையாளம் காட்டச் செம்பருத்திச் சாறு வேண்டும். அது அமிலத்தில் செந்நிறம், காரத்தில் பச்சை. இங்கிலாந்தில் இராபர்ட் பாயில், மலர்ச்சாறு நிறம் மாறுவதைக் கொண்டு அமிலத்தையும் காரத்தையும் பிரித்தறியும் வழியை 1664-இலேயே நூலாக எழுதி வைத்தார். அவருக்கு வயலட் பூ. எங்களுக்கு வேலியோரச் செம்பருத்தி.

வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டு வாருங்கள், சோதிப்போம் என்றேன். புளி வந்தது, மோர் வந்தது, சவர்க்காரமும் அடுப்புச் சாம்பலும் வந்தன. கடைசி வரிசையில் தனியே அமர்ந்திருந்த ஒரு சிறுவன், செய்தித்தாளில் பொதிந்த ஈரத் துண்டொன்றை நீட்டினான். மாட்டுத் தோல்!

அவன் ஏன் தனியே அமர்ந்திருந்தான்? வாடை அடிக்கிறது என்று மற்றப் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். வகுப்பு அமைதியாக நடக்கட்டும் என்று நானே அவனைப் பின்னால் அனுப்பினேன். ஆம், தோழர்களே! சாதி ஒழிப்புக் கூட்டங்களில் முன்வரிசை தேடி உட்கார்ந்த நான்தான்!

குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் பெயர் பெற்ற ஊர் அது. அவன் தந்தை அங்கே ஒரு தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்பவர். துண்டின் வெட்டு முனையில் மஞ்சள் தாளை அழுத்தினேன். சிவந்தது. சிறுவன் பேசலானான். பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு மயிரைக் கழிப்பார்கள்; பிறகு அச்சுண்ணாம்பையே போக்குவார்கள்; போயிற்றா என்று பார்க்க ஓர் ஓரத்தை அறுத்து, மேஸ்திரி ஒரு மருந்தைச் சொட்டுவார்; வெட்டின் நடுவே சிவப்பு நின்றால், உள்ளே இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள்; சிவப்பு மறைந்த பிறகுதான் உப்பும் அமிலமும் கலந்த நீருக்குத் தோல் போகும்; அதன் பின்னர்க் குரோம்.

அந்த மருந்துதான் பினாப்தலீன்! உயர் வகுப்புக்குப் போன பிறகே மாணவர் காண வேண்டிய நிறங்காட்டியை அவன் கிடங்கு வாசலில் நின்றே கண்டிருக்கிறான். நான் ஆரத்தித் தட்டில் தேடிக்கொண்டிருந்த பாடம் அவன் வீட்டில் அன்றாடப் பிழைப்பாக இருந்தது.

"முன்னால் வந்து உட்கார்" என்றேன். "இங்கேயே இருக்கேன், சார்" என்றான். எனக்கு வேண்டியதுதான்.

பிறகு அவனே கேட்டான்: "சுண்ணாம்பு மாட்டு மயிரைக் கரைக்குதுன்னா, எங்கப்பா கையையும் கரைக்குமா, சார்?"

கரைக்கும் என்பதைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. மயிர் கழிக்கும் தொட்டியில் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடும் சேர்ப்பார்கள், கடுங்காரம். மாட்டின் தோலென்றும் மனிதனின் தோலென்றும் அது பேதம் பார்ப்பதில்லை.

சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். தந்தை கைகளை விரித்துக் காட்டினார். நகங்கள் அரிக்கப்பட்டிருந்தன, உள்ளங்கை முழுவதும் வெடிப்பு. "எரிச்சல் தாங்கலேன்னா புளித்தண்ணி ஊத்திக்குவோம், சார்" என்றார். காரத்தை அமிலம் தணிக்கும் என்று எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லவில்லை. முதலில் நல்ல தண்ணீரை நெடுநேரம் ஊற்றிக் கழுவுங்கள், புளியை நம்பாதீர்கள் என்று சொல்லிவைத்தேன். கையுறை தருகிறார்களா என்று கேட்டேன். "கேட்டிருக்கோம்" என்றார்.

தமிழகத் தோல் ஆலைகளின் கழிவுநீர் பற்றி 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்தடி நீரைப் பற்றி நாடே பேசிற்று. அந்தக் கைகளைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்?

விடைபெறும்போது அவர் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். சம்பள நாளன்று கணக்கர் அவர் பெருவிரலை மை தடவி இரண்டு முறை, மூன்று முறை பதிவேட்டில் அழுத்தச் சொல்கிறாராம். ரேகை விழுவதில்லை.