பழைய வேக்குவம் கிளீனரை ஏன் மாற்றினேன்?

எங்கள் வீட்டு வேக்குவம் கிளீனரை எடைக்குப் போட்ட சேதி எப்படியோ பரவி, "நல்லாத்தானே சார் ஓடுச்சு?" என்று நாலைந்து பேர் போன் செய்துவிட்டார்கள். நன்றாகத்தான் ஓடியது. சிக்கலே வேறு.

நம் கூமாப்பட்டித் தூசி உங்களுக்குத் தெரியாததில்லை. மலையிலிருந்து ஆடிக்காற்று இறங்கினால் ஜன்னலைச் சாத்தியும் பிரயோஜனமில்லை. 2025-ல் ரீல்ஸ் பார்த்துவிட்டு பிளவக்கல் அணைக்குக் கிளம்பி வந்த கார்கள் கிளப்பிய புழுதி தனிக் கணக்கு. என் துணைவியாருக்குச் சில வருஷமாக இளைப்பு. ஆனால் வீடு சுத்தம் செய்த அன்று ராத்திரிதான் இருமல் அதிகமாக இருந்தது. இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒருநாள் கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, விளக்கை அணைத்து, மெஷினை ஓடவிட்டு, பின்னால் காற்று வெளியேறும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆறாம் வகுப்பில் ஒளிக்கற்றை காட்டுவேனே, அதே வித்தை. பொடித்தூசி புகை மாதிரி சுழன்று வந்தது! துணிப்பை மண்ணையும் முடியையும் பிடித்துக்கொண்டு, நுரையீரலுக்குள் போகிற நுண்தூசியை மட்டும் அறைக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

1907-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஸ்பாங்லர் என்ற துப்புரவுப் பணியாளர், தூசியால் தன் இளைப்பு கூடுகிறது என்றுதான் மின்விசிறி மோட்டார், துடைப்பக் கம்பு, தலையணை உறை இவற்றை வைத்துக் கையடக்க மெஷின் ஒன்று செய்தார். அந்த உரிமையை வாங்கியவர்கள்தான் ஹூவர் கம்பெனிக்காரர்கள். நம் வீட்டுப் பழைய மெஷினும் ஏறக்குறைய அந்தத் தலையணை உறை காலத்திலேயே நின்றுவிட்டது.

புதிதில் ஹெப்பா ஃபில்டர் இருக்கிறது. 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அதற்கான அளவுகோல். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்; கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபில்டர் நன்றாக இருந்தும் மூடி இடுக்கில் காற்று கசிந்தால் வீண். கடையிலேயே டார்ச் அடித்துப் பார்த்தேன். விற்கிற தம்பி என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார். அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட்ஸ், கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்பதற்கு. தூசியை எவ்வளவு இழுக்கும் என்பதற்கு அல்ல.

இருமல் குறைந்திருக்கிறது. ஆனால் அதே மாதம்தான் டாக்டர் இன்ஹேலரும் மாற்றினார். ஆகவே மெஷினுக்கே முழு மார்க் போட மாட்டேன். மெத்தை, தலையணையிலும் வாரம் ஒருமுறை ஓட்டுகிறோம். கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி அங்கேதான் அதிகம். ஓட்டுவது நான், அவர் அந்த நேரம் திண்ணையில்.

முற்றத்துத் தென்னஞ்சருகுக்கு இன்னமும் ஈர்க்கு விளக்குமாறுதான். வாங்க நினைப்பவர்கள் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவலாமா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். கழுவினால் ஒருநாள் முழுக்க நிழலில் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.