ஒரே டிரையர், பதினோரு மாத்திரை

மருந்து கம்பெனியில் வேலை என்றதும், நான் ஏதோ புது மருந்து கண்டுபிடிப்பதாகக் கதிர்காமத்தில் எங்கள் தெருக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். தலைவலிக்கு என்ன போடலாம் என்றுகூடக் கேட்பார்கள். என் வேலை அதுவல்ல. எந்த மாத்திரையை எந்த நாளில் எத்தனை பேட்ச் ஓட்டுவது என்று அட்டவணை போடுவது.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் சின்ன கம்பெனி. இரண்டு ஷிஃப்ட். பதினோரு வகை மாத்திரை, மூன்று கம்ப்ரஷன் மிஷின். ஆனால் ஈரத் துகளை உலர்த்தும் டிரையர் ஒன்றே ஒன்று. எல்லாச் சண்டையும் அதன் வாசலில்தான்.

பாராசிட்டமால் ஒரு பேட்ச் 600 கிலோ, சுமார் 10 லட்சம் மாத்திரை. ஒரு நாள் ஓடும். அடுத்ததும் பாராசிட்டமால்தான் என்றால் ஒரு மணி நேரம் துடைத்தால் போதும். வேறு மருந்துக்கு மாறினால் கதையே வேறு. வடிகட்டும் பையைக் கழற்றி, கிண்ணத்தைக் கழுவி, அலசி, உலர்த்தி, பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். பழைய மருந்தின் எச்சம் இல்லை என்று அவர்கள் சொல்லும்வரை யாரும் அசையக் கூடாது. மொத்தம் 12 மணி நேரம், அதாவது முக்கால் நாள். மாதத்தில் 25 வேலை நாள். பதினொன்றையும் ஒரு சுற்று சுற்றினால் கழுவலுக்கே 8 நாளுக்கு மேல் போய்விடும்.

"தம்பி, கழுவுற நேரத்துக்கு எவன் காசு குடுப்பான்? பாராசிட்டமாலையே பத்து பேட்ச் தள்ளு" என்பார் மேனேஜர். அவர் விவரம் தெரியாதவர் இல்லை. 1913-இல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்க எஞ்சினியர் எழுதிய சூத்திரமும் அவர் பக்கம்தான்: மாற்றும் செலவு நான்கு மடங்கானால் பேட்ச் அளவை இரண்டு மடங்காக்கு. ஆனால் அந்தக் கணக்கில் மிஷின் ஒரே சரக்குக்குச் சொந்தம். இங்கே பின்னால் பத்து பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

அந்த வரிசையில் எப்போதும் பின்னுக்குத் தள்ளப்பட்டது ஃபெனிடாயின், வலிப்பு மாத்திரை. மாதம் ஒரே பேட்ச், லாபமும் குறைவு. பாராசிட்டமால் பத்து நாள் தாமதித்தால் கடைக்காரர் வேறு கம்பெனியுடையதை எடுத்துக் கொடுப்பார். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே திரும்பி வரலாம். கதிர்காமம் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி வாசலில் மருந்துப் பையோடு பஸ்ஸுக்கு நிற்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். அதில் இருப்பது எங்கள் சரக்குதானா என்பது வேறு விஷயம்.

டொயோட்டாவில் ஷிகியோ ஷிங்கோ 1000 டன் பிரஸ்ஸின் அச்சு மாற்றும் நேரத்தை 4 மணியிலிருந்து 3 நிமிடத்துக்குக் கொண்டுவந்ததை டிரெயினிங்கில் படம் போட்டுக் காட்டினார்கள். மிஷின் ஓடும்போதே செய்யக்கூடியதை அப்போதே செய்து வை, அவ்வளவுதான் சூட்சுமம். எங்கள் இடத்தில் அதைச் சொன்னது கழுவும் வேலை பார்க்கும் அக்கா. "சார், இன்னொரு கிண்ணமும் பை செட்டும் இருந்தா, இது ஓடறப்பவே அதைக் கழுவி வெச்சிருவேன்ல?" டிரெயினிங் எதற்கும் போகாதவர், தினக்கூலி.

கிண்ணம் வாங்க எட்டு மாதம் ஃபைல் நகர்ந்தது. வந்த பிறகு 12 மணி நேரம் 7 ஆனது. மிஷின் உடம்பை எப்படியும் நிறுத்தித்தான் கழுவ வேண்டும், அதற்குக் கீழே இறங்கவில்லை. ஒரு சுற்றுக்கு மூன்று நாளுக்கு மேல் மிச்சம். வரிசையையும் கொஞ்சம் மாற்றினேன்: வெள்ளை முன்னால், சாயம் போட்டது கடைசியில். ஒரே சட்டி உள்ள வீட்டில் பாலைக் காய்ச்சிவிட்டுத்தானே மீன் குழம்பு வைப்பார்கள்?

மிச்சமான மூன்று நாளையும் பாராசிட்டமாலுக்கே கேட்டார் மேனேஜர். இரண்டைக் கொடுத்தேன். மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஃபெனிடாயினுக்கு என்று அட்டவணையில் பேனாவால் எழுதினேன், மற்றதெல்லாம் பென்சில். "ஒரே ஒரு மாசம் தள்ளிக்கலாமா தம்பி?" என்று இந்த மாதமும் கேட்டார். சேல்ஸில் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று கேட்டேன். இதுவரை யாரும் போடவில்லை.