கோபுர விளக்கும் சிறைக்கோட்டமும்

சென்னைத் துறைமுகத்தை அடுத்து, செந்நிற மாடங்களும் கவிகைகளும் பொலிய நிற்கும் உயர்நீதிமன்றத்தைக் கண்டு வியவாதார் அரியர். 1888-ஆம் ஆண்டில் தொடங்கிய அதன் பணி 1892-இல் முற்றிற்று. பிராசிங்டன் என்பார் வகுத்த அமைப்பை ஹென்றி இர்வின் நிறைவேற்ற, நம்பெருமாள் செட்டியார் ஒப்பந்தமேற்றுக் கட்டி முடித்தார். 1894 முதல் 1977 வரை அதன் உயர்ந்த கோபுரத்தின் உச்சியிலேயே கலங்கரை விளக்கு எரிந்தது.

வள்ளூரினராகிய எமக்கு அவ்விளக்கின் அருமையை உரைத்தவர் எம் பாட்டனார். இளமையில் எண்ணூர் முகத்துவாரத்தின் வழியே கடலேறிய அவர், இருளிற் கரையறிந்தது அதன் ஒளியாலன்றோ! 'கோர்ட்டு விளக்கு' என்றே அதனைக் கூறுவார். வழக்கொன்றும் இல்லாத வலைஞர்க்கும் நீதிமனை வழிகாட்டியதை எண்ணி மகிழ்ந்தோம்.

நிற்க. சென்ட்ரல் புகைவண்டி நிலையத்துக்கு அருகே, கூவத்தின் கரையில், 1837-இல் எழுந்தது மத்திய சிறை. அஃது அழகு கருதி எழுந்ததன்று. உயர்ந்த மதிலே அதன் அணி. சுபாஷ் சந்திர போஸும் அறிஞர் அண்ணாவும் அதனுள் அடைபட்டிருந்தனர். 2006-இல் சிறையாளர் புழலுக்கு மாற்றப்பெற்றனர். 2009-இல் பழங்கட்டடம் இடிக்கப்பட்டது. அந்நிலத்தில் இன்று சென்னை மருத்துவக் கல்லூரியின் மாணவர் பயில்கின்றனர்.

இதனைக் கேட்ட அளவில் தமிழ் மாணவர்க்கு மணிமேகலை நினைவில் எழும். அக்காப்பியத்துள், மணிமேகலையின் வேண்டுகோளுக்கு இசைந்த சோழமன்னன் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினான். பூட்டி வைத்த இடத்திற் பிணி தீர்க்கும் கலை வளர்தலும் அத்தகையதே என முதலில் எண்ணினோம். ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு: ஆங்குச் சிறை ஒழிந்தது, ஈங்கு இடம் மாறிற்று.

புழற்சிறையில், தண்டனை பெற்றோரையன்றி, வழக்கு முடியாது காத்திருப்போர்க்கெனவும் தனிச்சிறை உண்டு. எம் தெருவில் வாழும் அன்னையொருவர், அவ்வாறு காத்திருக்கும் தம் மகனைக் காண அங்குச் சென்று வருவார். எழுத்தறியாத அவர்க்கு மனு எழுதித் தருதல் எம் பணி. ஒருநாள் அவர், "தம்பி, தீர்ப்புச் சொல்ல இன்னும் எத்தனை நாளாகும்?" என வினவினார். காப்பியம் பல கற்றும் அவ்வொரு வினாவுக்கு எம்மிடம் விடை இல்லை. மனுவை மடித்து அவர் கையிற் கொடுத்தோம்.

இக்கல்லூரியினின்று சட்டம் பயிலச் செல்லும் நண்பர் பலர் உளர். அவர்கள் அச்செந்நிற மாடங்களுள் வழக்குரைக்கப் புகுங்கால், புழலில் நாளெண்ணியிருப்போரையும், வாயிலிற் காத்து நிற்கும் அன்னையரையும் மறவாதிருப்பாராக.