தை மாதக் கணக்கு

எங்கள் குடும்ப வரலாற்றை எழுதியவன் நான். 2016ல் அச்சிட்டு, நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் சொந்தக்காரர்கள் முன்னால் வெளியிட்டோம். அதில் ஒரு பெண்ணின் பெயர் இல்லை. மறதியில் விடுபட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். தெரிந்தேதான் விட்டேன். ஏன் விட்டேன், அதனால் யாருக்கு என்ன ஆயிற்று, பிழை தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன் என்ற மூன்றையும் சொல்கிறேன். மூன்றாவதுதான் மோசமானது.

விட்ட பெயர் என் தாத்தாவின் தங்கை மகளுடையது. எனக்குப் பெரியம்மை முறை. பெயரை இங்கேயும் எழுதவில்லை. அவள் மகனிடம் அனுமதி கேட்டேன், தரவில்லை. தாத்தாவின் தங்கையைச் சின்ன ஆச்சி என்போம். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டாள். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பறக்கை வீட்டு மரப்பெட்டியிலிருந்து வந்தது.

அந்தப் பெட்டியில் சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் முத்திரைத்தாள்கள் இருந்தன. கரம் தீர்த்த ரசீதுகள், ஒற்றி ஆதாரங்கள், சக்கரத்திலும் பணத்திலும் எழுதிய செலவுக் கணக்குகள், கரையான் தின்ற ஜாதகங்கள் இருந்தன. அடியில் ஒரு கட்டு அஞ்சல் உறைகள். திருவிதாங்கூருக்குத் தனியாக இருந்த அஞ்சல், 1951ல் இந்தியத் தபாலோடு சேர்ந்த அந்த அஞ்சல். உறைகள் பெண்கள் எழுதியவை என்று பார்த்ததுமே தெரிந்தது. ஓரமாக வைத்தேன். நிலம் பற்றிய தாள்களை முதலில் படித்தேன். கடிதங்களைப் பிறகு படிக்கலாம் என்று நினைத்தேன். படிக்கவில்லை.

எனக்கு அப்போது பெரிய நினைப்பு இருந்தது. அழகியபாண்டிபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைத் தேடிப் படித்தவர் கவிமணி. அந்த மண்ணில் பிறந்தவன் நான், எனக்கும் பழைய தாள் பேசும் என்று நம்பினேன். உத்தியோக காலம் முழுவதும் கணக்குப் பார்த்தவன் என்ற திமிர் வேறு. என் கூட்டல் தப்பாது என்று பலர் முன்னால் சொல்லியிருக்கிறேன்.

சின்ன ஆச்சி பெயர் முதலில் வருவது கொல்லம் 1104ஆம் ஆண்டுப் பாகப் பத்திரத்தில், மைனராக. கொல்லம் 1101ல், அதாவது 1926ல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. அதற்கு முன்பு எங்களுக்கு மருமக்கள் வழி. ஆணின் சொத்து அவன் பிள்ளைகளுக்குப் போகாது, அக்காள் தங்கச்சி பிள்ளைகளுக்குப் போகும். மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்று கொஞ்சம் கிடைக்கும். சட்டம் வந்ததும் வீட்டுக்கு வீடு பாகம் பிரித்தார்கள். எங்கள் வீட்டிலும் பிரித்தார்கள்.

இரண்டாவது முறை அவள் வருவது ஒரு விடுமுறியில். தாழக்குடிக்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ஒத்துவரவில்லை. இரு வீட்டாரும் கூடி, முறி எழுதி, பிரித்துவிட்டார்கள். தேதி 1113 தை 8. பிறகு திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த ஒருவருக்கு இரண்டாம் கெட்டு. அந்த வீட்டில் முதல் கெட்டின் பிள்ளையை ஏற்கவில்லை. பிள்ளை பூதப்பாண்டியில் ஒரு சொந்தக்காரி வீட்டில் வளர்ந்தது. அந்தப் பிள்ளைதான் பெரியம்மை.

அவள் பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் ஆங்கிலக் கணக்கில் இருந்தது: 28-9-1938. விடுமுறியோ கொல்லம் கணக்கில். எங்கள் மாவட்டத்தில் எந்தக் குடும்பத்துத் தாளை எடுத்தாலும் இப்படித்தான். 1956 நவம்பர் 1ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், அதற்கு முந்தைய வாழ்க்கை வேறொரு நாட்காட்டியில் கிடக்கிறது. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும். ஜனவரி வந்துவிட்டால் 825. பத்திரம் பார்க்கிற எவனுக்கும் இது பாலபாடம். எனக்கும் தெரியும்.

அன்று ராத்திரி 1113உடன் 824ஐக் கூட்டினேன். 1937 வந்தது. 1937 ஜனவரியில் விலகல், 1938 செப்டம்பரில் பிள்ளை. நடுவில் இருபது மாதம்.

இந்த இடத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டும். விடை சந்தேகமாக வந்தால் மறுபடி கூட்டிப் பார்ப்பது என் தொழில். ஆயிரம் முறை செய்திருக்கிறேன். அன்று செய்யவில்லை. அந்த விடை எனக்கு வசதியாக இருந்தது. குடும்பப் புத்தகத்தில் ஒரு விடுமுறியை ஏற்ற எனக்கு மனமில்லை. இரண்டாம் கெட்டும் வேண்டாம் என்றிருந்தது. பிள்ளையை விட்டுவிட்டால் முதல் கெட்டையும் விட்டுவிடலாம். சின்ன ஆச்சி ஒரே ஒருவரைக் கட்டி, திருவனந்தபுரத்தில் சௌகரியமாக வாழ்ந்ததாக எழுதினேன்.

இதில் இன்னொரு வெட்கமும் உண்டு. விலகலும் மறுகெட்டும் அந்தக் காலத்து நாஞ்சில் நாட்டில் ஒளித்துவைக்கிற விஷயமே இல்லை. கவிமணியின் மருமக்கள் வழி மான்மியத்தில் கதை சொல்பவளே ஒருவனுடைய ஐந்தாம் மனைவி. மேடையில் அதைப் பெருமையாகப் பேசியிருக்கிறேன். என் வீட்டில் ஒரு பெண் இரண்டு கெட்டு கட்டியதை மட்டும் என்னால் அச்சிட முடியவில்லை. பழைய மருமக்கள் வழிக் கணக்கில் பார்த்தால் அந்தத் தறவாட்டுக்கு உரியவள் பெரியம்மைதான். தாத்தாவின் தங்கை மகள். தாத்தாவின் மகன் வயிற்றுப் பிள்ளையான நான் வேற்றுக் குடும்பத்தான். வெளியாள் ஒருவன் பேனாவை எடுத்து, வீட்டுக்காரியை அடித்துவிட்டான்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் பெரியப்பா மகன் கேட்டான். "சின்ன ஆச்சிக்கு மொதக் கெட்டுல ஒரு பொம்பளப்பிள்ளை உண்டும்லா, பூதப்பாண்டில?" என்றான். "தேதி ஒத்துவரல்ல, பேசாம இரி" என்றேன். அந்த ஒரு பேச்சு போதும். தேதி ஒத்துவரவில்லை என்றால் என்ன பொருள் என்று எங்கள் ஊரில் விளக்க வேண்டியதில்லை. புத்தகம் வருவதற்கு முன்பே அது பூதப்பாண்டிக்குப் போய்விட்டது.

பெரியம்மையின் மகன் போன் செய்தான். மரியாதையாகத்தான் கேட்டான். "ஆதாரம் இருக்கு" என்றேன். அந்த ஆதாரத்தைக் காட்டச் சொல்லி அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே பிழை தெரிந்திருக்கும். அவனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தாயைப் பற்றி எந்த மகன் அப்படிக் கேட்பான்?

அடுத்த ஆவணியில் ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மையைப் பார்த்தேன். பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள். "மக்கா, எனக்க அப்பன் ஆருன்னு ஒனக்குக் கணக்குத் தெரிஞ்சிட்டு, இல்லியா?" என்றாள். குரல் உயரவில்லை. "நான் ஒண்ணும் எழுதல்லியே பெரியம்மை, பத்திரத்துல உள்ளதத்தான் எழுதினேன்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு எங்கள் அம்மன் கோயில் கொடைக்கு அவள் வரவில்லை. எழுபது வயது தாண்டியும் விடாமல் வந்துகொண்டிருந்தவள்.

அவள் பேத்திக்குப் பேசி முடித்திருந்த ஒரு சம்பந்தம் நின்றது. என் புத்தகத்தால்தான் நின்றது என்று யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டில் என் புத்தகம் ஒன்று இருந்தது. கொடுத்தவன் நான். பக்கத்தைப் புரட்டி, எங்கள் குடும்பத்தின் பெருமையை விளக்கியும் விட்டு வந்திருந்தேன்.

2018 ஆடியில் பறக்கை வீட்டை இடித்தார்கள். பெட்டி என் வீட்டுக்கு வந்தது. வேறு வேலை இல்லாமல் அஞ்சல் உறைகளைப் பிரித்தேன். ஒன்று சின்ன ஆச்சி தாத்தாவுக்கு எழுதியது. 1113 சித்திரை. நாலு மாசம் கழிந்துவிட்டது, தாழக்குடிக்குச் சொல்லி அனுப்பியும் பதில் இல்லை, அண்ணன் ஒருநடை போய்க் கேட்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தாள். தை எட்டில் முறி, அதே வருடம் சித்திரையில் நாலு மாசம். தாளை எடுத்துக் கூட்டினேன். 1938 ஜனவரி. பிள்ளை பிறந்தது எட்டு மாதம் சென்று. முறி எழுதும்போதே அது வயிற்றில் இருந்திருக்கிறது. தாழக்குடிக்காரர் பிள்ளைதான்.

பெரியம்மை அப்போது உயிரோடு இருந்தாள். நல்ல நினைவோடு இருந்தாள்.

நான் சொல்லவில்லை. புத்தகத்தை நாலு பேர் பாராட்டியிருந்தார்கள். ஒரு கல்லூரிக் கூட்டத்தில் பேச அழைத்திருந்தார்கள். தை மாதத்துக்கு எதைக் கூட்டுவது என்று தெரியாதவன் என்று பெயர் வந்துவிடுமோ என்று பயந்தேன். ஒருமுறை பூதப்பாண்டிக்குப் போனேன், கடிதம் சட்டைப் பையில் இருந்தது. சாயா தந்தாள். மட்டிப்பழம் எடுத்து வைத்தாள். குளத்தில் தண்ணீர் எவ்வளவு, வாழைத்தார் என்ன விலை என்று பேசினேன். எழுந்து வந்துவிட்டேன். அவள் எதையும் கேட்கவில்லை. அவள் கேட்டால் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் பொய். கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன் என்று இன்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

2020 மாசியில் இறந்தாள். பதினாறாம் நாள் கழித்து அவள் மகனிடம் கடிதத்தின் நகலைக் கொடுத்தேன். வாசித்தான். "இது எப்பக் கிடைச்சுது?" என்றான். உண்மையைச் சொன்னேன். என்னை வெளியே போகச் சொன்னான். போனேன்.

கணக்கில் தப்புவது யாருக்கும் நேரும் என்று என்னிடம் சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். அந்த ஆறுதலை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். கூட்டலில் ஒன்று குறைந்தது ஒரு ராத்திரி. வாயை மூடிக்கொண்டது அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும்.

புத்தகத்தைத் திருத்தி மறுபடி அச்சிடப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன். அவள் மகன் சம்மதித்தால் அச்சாகும். அதுவரை ஒரு வேண்டுகோள். பிரதி வைத்திருப்பவர்கள் சின்ன ஆச்சியின் பக்கத்தை எடுங்கள். நான் எழுதியதைக் குறுக்கே அடியுங்கள். முதல் கெட்டு தாழக்குடி என்று பேனாவால் எழுதுங்கள். கீழே மகள், 1114 புரட்டாசி என்று போட்டு, அவள் பெயரை எழுதுங்கள். பெயர் உங்களுக்குத் தெரியும்.