கல்முனைக்குடியில் இரண்டு அத்திகள்



அல்குர்ஆனின் 95ஆவது ஸூரா உங்கள் வீட்டுச் சின்னப்பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்கும். எட்டே ஆயத்துகள். அத்தியின் மீதும் ஸைத்தூனின் மீதும் சத்தியமிட்டு அல்லாஹ் அதைத் தொடங்குகிறான். அத்திக்கு அரபியில் ‘தீன்’ என்று பெயர். மார்க்கத்தைக் குறிக்கும் தீன் வேறு. அது தாலில் தொடங்குவது, இது தாவில் தொடங்குவது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதால் ஓதும் பிள்ளைகள் குழம்புவதுண்டு. நம்முடைய ‘அத்தி’ என்ற சொல்லும் ஓசையில்தான் அதற்கு நெருக்கம், பிறப்பில் உறவில்லை.

அந்த ஸூராவில் வரும் அத்தி எது? டமஸ்கஸ் என்றும், ஷாம் தேசத்து மலை என்றும் சொன்ன முபஸ்ஸிர்கள் உண்டு. இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களும் முஜாஹித் (ரஹ்) அவர்களும், மனிதர் உண்ணும் அத்திப்பழமே என்றார்கள். இமாம் தபரி (ரஹ்) அவர்களும் இதையே ஏற்றார்கள். ஆகவே இதை அடுப்படிக்குக் கொண்டுவந்து பேசுவதில் பிழையில்லை.

சரி, நமது கரைக்கு வருவோம். கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளிவாசலடியில் நின்று மேற்கே நடந்து பாருங்கள். முதலில் மணல், தோணிகள், வலைகள். பிறகு நெருக்கமாக வீடுகள். பிரதான வீதியைக் கடந்தால் மறுபடியும் வீடுகள். அதற்கப்பால் வயல். இந்தக் குறுகிய நிலத்தில்தான் நமது தென்னையும் முருங்கையும் மாதுளையும் நிற்கின்றன. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. கரையோரத்துக் கிணறுகள் உப்பாகின, வளவு மரங்கள் பட்டுப்போயின. அதற்குப் பிறகு வளவில் ஒரு கன்று தளிர்ப்பதே நமது பெண்களுக்குச் சந்தோஷமான காரியமாகிவிட்டது.

இங்கே கிடைக்கக்கூடிய அத்தி இரண்டு வகை. ஒன்று, வயல் தாண்டி ஆற்றோரத்திலும் குளக்கட்டிலும் தானாக வளரும் நாட்டு அத்தி. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். மற்றது, அல்குர்ஆன் சொல்லும் தீன். சாடியிலோ வளவிலோ வைத்து வளர்க்க வேண்டியது. காத்தான்குடியில் நடுவீதியிலேயே பேரீச்சை காய்த்து நிற்பதைக் கண்ட நாம், நமது முற்றத்துக்குத் தீன் வருவதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை.

நாட்டு அத்தியைப் பழமாக உண்பவர் குறைவு. பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று பழமொழியே இருக்கிறது. அது பொய்யல்ல, சிறு குளவிகள் உள்ளே புகுந்து முட்டையிட்டுத்தான் அந்தக் காயே முற்றுகிறது. ஆனால் பிஞ்சுக்காய் நல்ல கறி. கையால் அமுக்கினால் கல்லுப்போல் இருக்கும் பச்சைக் காய்களாகப் பார்த்து எடுங்கள். இரண்டாகப் பிளந்து உள்ளே இருப்பதைச் சுரண்டிவிட்டு, உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் உடனே போடுங்கள், இல்லாவிட்டால் கறுத்துப்போகும். பால் கழன்றதும் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். கயர்ப்பு பெரும்பாலும் அதோடு போய்விடும். பிறகு வெங்காயம், பச்சை மிளகாய், இரம்பை, கறிவேப்பிலை, கொஞ்சம் மாசித்தூள் சேர்த்து இரண்டாம் பாலில் வேகவிட்டு, கடைசியில் முதற்பால் விட்டு ஒரு கொதியில் இறக்குங்கள். அவித்த காயை இடித்துத் தேங்காய்ப்பூவுடன் சுண்டலாகவும் ஆக்கலாம். தேசிக்காய்ப் புளியை அடுப்பால் இறக்கிய பிறகே விட வேண்டும்.

“புழு இருந்தால் ஹராமா?” என்ற கேள்வி வரத்தான் செய்யும். பழத்திலேயே உண்டான புழுவைப் பழத்தோடு சேர்த்து உண்பது கூடும் என்பதே ஷாபிஈ மத்ஹபில் சரியான கருத்து. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜில்’ சொல்லியிருக்கிறார்கள். தனியே எடுத்து உண்பதற்கு அந்த அனுமதி இல்லை. கண்ணுக்குத் தெரிவதை நீக்கிவிட்டு மனநிறைவோடு ஆக்குங்கள்.

இனி, வளவில் வைத்த தீன். இதைப் பறித்து வைத்துப் பழுக்கவைக்க முடியாது. மரத்திலேயே பழுக்க வேண்டும். காம்பு தளர்ந்து பழம் தலைகுனிந்து நின்றால் பறிக்கலாம். அதுவரை காகமும் அணிலும் வௌவாலும் விட்டுவைக்க வேண்டுமே! மெல்லிய துணிப்பையால் கட்டிவிடுங்கள். பறித்த பழம் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. தூர தேசத்திலிருந்து நமக்குக் காய்ந்த பழமே வந்து சேர்வது இதனால்தான்.

நல்ல பழத்துக்குச் சமையலே வேண்டாம். நமது பக்கத்து எருமைத் தயிரில் நாலாகப் பிளந்து போட்டு, மேலே கொஞ்சம் கித்துள் பாணி விட்டால் போதும். பழம் அதிகமாகிவிட்டால், பாணியில் ஒரு துண்டு கறுவாவும் ஏலக்காயும் போட்டுச் சிறு தீயில் சுண்டவைத்து வட்டிலப்பத்தோடு பரிமாறுங்கள். புரியாணிக்குப் பேரீச்சம்பழச் சட்னி செய்கிறோமே, அதே கடுகு, வினாகிரி, மிளகாய்த்தூளோடு பாதிப் பேரீச்சை, பாதி அத்தி என்று செய்து பாருங்கள். என் நாவுக்குப் பேரீச்சையை மட்டும் போட்டுச் செய்வதைவிட இதுவே மேல். அத்தியின் சிறு விதைகள் பல்லில் நறநறப்பது இறைச்சிக்கு நன்றாகப் பொருந்துகிறது. பழுக்காமல் உதிர்ந்த காயையும் வீசாதீர்கள். பப்பாளிக்காயைப் போலவே அதன் பாலும் மாட்டிறைச்சியை மிருதுவாக்கும். ஒன்றிரண்டை அரைத்து இறைச்சியில் பிசறி அரை மணித்தியாலம் வைத்தால் போதும். அந்தப் பால் கையில் பட்டால் கடிக்கும், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். “சுவர்க்கத்திலிருந்து இறங்கிய பழம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள், சீனி வருத்தத்தைச் சுகமாக்கும்” என்று சொல்லிப் போத்தல்களிலும் பைகளிலும் அத்தி விற்கப்படுகிறது. சுவர்க்கத்துப் பழம் பற்றிய அந்த அறிவிப்பை ‘ஸாதுல் மஆத்’ நூலில் குறிப்பிடும் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்களே, அதன் ஆதாரம் உறுதியானதல்ல என்றுதான் எழுதுகிறார்கள். ஹிஜாஸிலும் மதீனாவிலும் அத்தி விளையாததால் ஸுன்னாவில் அதைப் பற்றிய பேச்சு வரவில்லை என்பதும் அவர்கள் சொல்வதே. நபியவர்கள் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்வது எத்தகைய பாவம் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்து, காய்ந்த அத்தியின் எடையில் ஏறத்தாழ பாதி சீனி. புதுப்பழத்தில் ஆறில் ஒரு பங்குதான். சீனி வருத்தமுள்ள உம்மாவுக்கு நோன்பு திறக்க ஒரு பழம் கொடுங்கள், நாலு கொடுக்காதீர்கள். அவருடைய மருந்துக் குளிசையை இதற்காக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். அல்லாஹ் சத்தியமிட்டுச் சொன்ன பழத்துக்கு நமது இட்டுக்கட்டல் எதற்கு?

வளர்க்க விரும்புகிறவர்கள் விலை கொடுத்துக் கன்று வாங்கவேண்டிய அவசியமில்லை. பென்சில் கனத்தில் ஒரு சாண் தடி வெட்டி நட்டால் வேர் பிடித்துவிடும். நமது மணல் நிலத்தில் தண்ணீர் நிற்காதது அதற்கு நல்லது. ஆனால் மாட்டெருவும் இலைக்குப்பையும் நிறையப் போட வேண்டும். மாரியில் தாழ்ந்த வளவில் வெள்ளம் நின்றால் வேர் அழுகிவிடும். அதனால் பெரிய சாடியில் வைத்து, ஐப்பசி மழைக்கு முன்னர் மேடான இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். தடி வேண்டுமென்றால் மரம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு ராத்தாவிடம் கேளுங்கள். கிளை வெட்டும் நாளில் இரண்டு தருவார்.