தூத்தூர்க் கடல் வேட்டை

"வேட்டைக்கு வருகிறீர்களா, சார்?" என்று நமது பழைய மாணாக்கன் ஒருவன் டெலிபோனில் கேட்டபோது, நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. நமக்கும் வேட்டைக்கும் இருந்த சம்பந்தமெல்லாம் பால்ய வயதில் தீபாவளித் துப்பாக்கியோடு தீர்ந்துவிட்டது. அன்றியும், 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, நம் மலைகளில் துப்பாக்கி தூக்கிக்கொண்டு போகிற மனிதர் நேரே போய்ச் சேருமிடம் சிறைச்சாலைதான். பள்ளிக்கூட வாத்தியாருக்கு அந்தப் பெருமை வேண்டுமா?

பையன் சிரித்தான். "காட்டு வேட்டை இல்லை சார், கடல் வேட்டை. எங்கள் ஊர்க்காரர்கள் சுறா பிடிக்கிறவர்கள் என்று நீங்களே வகுப்பில் சொல்லியிருக்கிறீர்களே!"

சொன்னது உண்மைதான், போய்ப் பார்த்ததில்லை என்பதும் உண்மை. வாத்தியார்கள் சொல்லிக்கொடுக்கும் விஷயங்களில் முக்கால்வாசி இந்த ரகம். ஆகவே சித்திரை விடுமுறையில் ஒரு நாள் நாகர்கோவிலில் பஸ் ஏறினோம்.

நாஞ்சில் நாட்டு வயல்கள் பின்னுக்குப் போகப் போக, பூமி சிவந்து, மேடும் பள்ளமுமாகிறது. திங்கள்நகர் தாண்டி, கருங்கல் தாண்டி, வாழையும் ரப்பரும் தென்னையும் மாறி மாறி வருகின்றன. இது விளவங்கோட்டுச் சீமை. 1956-ம் வருஷம் நவம்பர் மாதம் முதல் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம் ஆகியவற்றோடு திருவிதாங்கூரின் பழைய பந்தத்தை விட்டுச் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்த தாலுகா. இன்றும் பேச்சில் மலையாள வாசனை போகவில்லை. நம்மைக் கண்டவர்கள் எல்லாரும் "சாரே" என்றுதான் அழைத்தார்கள். அதில் ஒரு தனி மரியாதை இருப்பதுபோல் நமக்குத் தோன்றியது.

தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரவருணி கடலில் கலக்கிறது. (திருநெல்வேலித் தாமிரவருணி வேறு, நேயர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.) அந்த முகத்துவாரத்துக்கு மேற்கே இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று எட்டு ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒரு புறம் கடல், மறு புறம் காயலும் தோப்புகளும். ஊருக்கு ஊர் கோயில் கோபுரம். இந்தச் சிறு நிலத்துண்டிலிருந்து புறப்படுகிறவர்கள் கொச்சித் துறைமுகத்தில் விசைப்படகு ஏறி, லட்சத்தீவுகளையும் தாண்டிப் போய், வாரக்கணக்கில் ஆயிரங்கால் தூண்டிலைப் போட்டு மீன் பிடித்து வருகிறார்கள்.

பையன் வீட்டுக்குள் நுழைந்ததும் நாம் முதலில் கண்டது வலையுமல்ல, தூண்டிலுமல்ல. கூடத்து மேஜையின்மேல் பாட்டரி செல்கள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன! அவனுடைய தாயார் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, டார்ச் லைட்டில் போட்டுப் பார்த்து, புதியது ஒரு டப்பாவிலும் பழையது ஒரு டப்பாவிலுமாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"புதிசும் பழசும் கலந்தால் பழசு புதிசைத் தின்றுபோடும், சாரே" என்று விளக்கம் சொன்னார். நாம் பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவர்கள். அந்த அம்மாள் ஒரு வாக்கியத்தில் சொன்னதை நாம் கரும்பலகையில் அரை மணி நேரம் சொல்வோம்.

அமெரிக்காவில் வசிக்கும் நமது மைத்துனர் ஒருவருக்கு மான் வேட்டையில் பைத்தியம். அவருடைய துப்பாக்கியில் சிவப்புப் புள்ளி காட்டும் மின்சாரக் குறிக் கண்ணாடி ஒன்று உண்டு. ஒரு சின்ன நாணயம் போன்ற பாட்டரியில், வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் ஆயிரக்கணக்கான மணி நேரம் எரியுமாம். இருட்டில் மிருகத்தின் உடற்சூட்டைக் கண்டு காட்டும் கண்ணாடி இன்னொன்று. அது சில மணி நேரத்திலேயே பாட்டரியை விழுங்கிவிடும். குளிரில் பாட்டரி சோர்ந்துபோகும் என்று உபரி பாட்டரிகளைச் சட்டைக்குள் மார்போடு அணைத்துக்கொண்டு திரிவாராம். கேட்டுச் சிரித்திருக்கிறோம். அவருடைய பாட்டரி தீர்ந்தால் ஒரு மான் பிழைக்கும். தூத்தூர்க்காரர் பாட்டரி தீர்ந்தால் என்ன ஆகும் என்பதை அன்று மாலைதான் தெரிந்துகொண்டோம்.

அதற்கு முன் காலையில் நடந்ததைச் சொல்லவேண்டும். பையனுடைய மாமன், அறுபது வயதுக்கு மேற்பட்ட பெரியவர், நம்மைத் தம் வள்ளத்தில் ஏற்றிச் சென்றார். கரையிலிருந்து வெகு தூரமில்லை. ஆனாலும் நமது வயிறு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த அவஸ்தையை விவரிக்காமல் விடுகிறோம். ஓரிடத்தில் இயந்திரத்தை நிறுத்தி, "இதுக்குக் கீழே பார் இருக்கு, சாரே" என்றார். பார் என்றால் கடலடிப் பாறை, மீன் கூடுமிடம். சுற்றிலும் ஒரே தண்ணீர். எப்படித் தெரிந்தது?

கையை நீட்டிக் காட்டினார். கரையில் ஒரு கோயில் கோபுரம். அதன் பின்னே, வெகு தூரத்தில், ஒரு மலைச் சிகரம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி நின்றன. வேறு திசையில் தனித்த ஒரு பனைக் கூட்டமும் மற்றொரு குன்றும் அதேபோல் ஒட்டின. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வள்ளம்! துப்பாக்கியின் பின்குறியும் முன்குறியும் நேராவது போலத்தான். இந்தக் குறிக்கு பாட்டரி வேண்டாம். அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும். எழுபது வயதிலும் தீராது.

"பின்னே ஏன் அந்த செல்லெல்லாம்?" என்று கேட்டோம்.

"மலை தாழ்ந்துபோகுமே, சாரே" என்றார் பெரியவர்.

அவ்வளவுதான் விஷயம். கரையை விட்டு விலக விலகக் கோபுரம் மறையும், பிறகு மலையும் மறையும். அதற்கப்பால் நட்சத்திரமும் அநுபவமும் துணை செய்தாலும், நூற்றுக்கணக்கான மைல் தள்ளிப் போட்ட தூண்டிலைத் தேடிப் பிடிக்க ஜி.பி.எஸ். கருவிதான் கண். வள்ளக்காரர் கையில் வைத்திருக்கும் கருவிக்கு இரண்டு பென்சில் செல். ஓயாமல் எரிய விட்டால் சுமார் இருபது மணி நேரம். முப்பது நாளைக்கு எழுநூற்றிருபது மணி. அப்படியானால் முப்பத்தாறு ஜோடி செல்! ஒருவரும் அப்படிச் செய்வதில்லை. பத்து நிமிஷம் போட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு, அணைத்துவிடுவார்கள். நாளொன்றுக்கு ஆறு தடவை என்றால் ஒரு மணி நேரம். மாதத்துக்கு இரண்டு ஜோடியில் காரியம் முடியும். திரை வெளிச்சத்தைக் குறைப்பது, செல்களை இறுக மூடிய டப்பாவில் உப்புக்காற்றுப் படாமல் வைப்பது எல்லாம் இந்தச் சிக்கனத்தைச் சேர்ந்தவை.

பெரிய விசைப்படகுகளில் இயந்திரமே பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டுகிறது. திசை காட்டும் திரை, ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், ஒயர்லெஸ் எல்லாம் அந்தப் பன்னிரண்டு வோல்ட் பாட்டரியின் பிள்ளைகள். இயந்திரம் நின்றால் எல்லாருக்கும் பட்டினி. ஒயர்லெஸ்ஸில் கேட்பதற்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம்; பேசுவதற்கோ ஐந்து ஆம்பியர் போகும். பத்து நிமிஷப் பேச்சுக்கு இரண்டு மணி நேரத்துக் கேள்வி செலவு! வளவளவென்று பேசுகிறவனைப் படகில் யாரும் விரும்புவதில்லை என்றான் பையன். பள்ளிக்கூடத்திலும் இப்படி ஒரு பாட்டரி இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

மொபைல் டெலிபோனுக்கும் அவர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். கோபுர அலை கிடைக்காத இடத்தில் அது தேடித் தேடியே செத்துப்போகும். ஃப்ளைட் மோடில் போட்டால் தேடுவதை நிறுத்திவிடும். ஆனாலும் இடம் காட்டும். இது நமக்குத் தெரியாது. அன்று காலை கடலைப் படம் பிடித்துப் படம் பிடித்து, நமது டெலிபோன் பத்து மணிக்கே கண்ணை மூடிவிட்டது.

மாலையில் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பெரியவர் ஒக்கிப் புயலைப் பற்றிச் சொன்னார். 2017-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி கன்னியாகுமரிக் கடலருகே அது புயலாக மூண்டது. வங்காளதேசம் கொடுத்த பெயர். வங்காளியில் 'கண்' என்று அர்த்தமாம். எச்சரிக்கை வெளியானபோது ஆழ்கடல் படகுகள் பல நாட்களுக்கு முன்பே போய்விட்டிருந்தன. கரையிலிருந்து பேசும் ஒயர்லெஸ் அடிவானத்துக்கு அப்பால் அதிக தூரம் எட்டாது. கரையிலோ மரங்களும் மின்சாரக் கம்பங்களும் சாய்ந்து, நாட்கணக்கில் விளக்கில்லை. வீட்டிலிருந்தவர்களின் டெலிபோன்களும் அணைந்தன. கடலில் இருந்தவனுக்குக் கரை தெரியவில்லை, கரையில் இருந்தவர்களுக்குக் கடல் தெரியவில்லை. குமரிக் கரையிலும் கேரளக் கரையிலுமாக நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பி வரவில்லை.

பெரியவர் திரும்பி வந்தவர்களில் ஒருவர். அலை இயந்திர அறைக்குள் புகுந்ததும் பாட்டரி மூழ்கிற்று. திரை, ஒயர்லெஸ் எல்லாம் ஒரே நிமிஷத்தில் போயின. மிஞ்சியது கைக்கருவி ஒன்று, டார்ச் லைட் ஒன்று, டப்பாவில் ஒரே ஜோடி பென்சில் செல். இரண்டுக்கும் அதே செல்தான் பொருந்தும்.

"பையன்கள் கருவியிலே போடுவோம் என்றார்கள், சாரே. எங்கே இருக்கிறோம் என்று தெரியட்டும் என்று அழுதார்கள். நான் சொன்னேன்: மக்களே, நாம் எங்கே இருக்கிறோம் என்று நமக்குத் தெரிந்து என்ன? வேறே ஒருத்தனுக்கு அல்லவா தெரியவேண்டும்!"

செல்லைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு பகல், இரண்டு இரவு. இருட்டில் ஒருவரை ஒருவர் குரல் கொடுத்து எண்ணிக்கொண்டார்கள். முதல் இரவில் ஏழு குரல். இரண்டாவது இரவில் ஐந்து. மூன்றாவது இரவில் சரக்குக் கப்பலின் விளக்கு ஒன்று தெரிந்தது. டார்ச்சில் செல்லைப் போட்டு, அணைத்து அணைத்து ஏற்றினார். கப்பல் திரும்பியது.

இஸ்ரோ ஸ்தாபனம் செய்த அபாய அறிவிப்புக் கருவி அதற்கு முன்பே, 2010 முதல், உபயோகத்தில் இருந்தது. எல்லாப் படகிலும் இல்லை. செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதும் அனுப்பியவனுக்குத் தெரியாது. 2024 ஜனவரியில் வெளிவந்த இரண்டாந்தலைமுறைக் கருவி 'கேட்டோம்' என்று பதிலும் சொல்கிறது. அதே வருஷம் ஆகஸ்டில், ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை மத்திய சர்க்கார் துவக்கிற்று. நம் நாட்டிலேயே செய்த கருவி, நல்ல காரியம். பெரியவரிடம் இதைப்பற்றி அபிப்பிராயம் கேட்டோம். "அதுக்கும் பாட்டரி உண்டுமே, சாரே? அதை யார் பார்க்கிறது?" என்றார். வாங்குவதற்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், துடைத்து வைப்பதற்கு ஒரு ஆளையும் சொல்லிக்கொடுக்க ஒரு நாளையும் ஒதுக்கினால் தேவலை என்றே நமக்கும் தோன்றியது.

கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் புறப்பட்டபோது நன்றாக இருட்டிவிட்டது. டெலிபோன் காலையிலேயே போயிற்று என்றோமல்லவா? பையில் இருந்த நமது டார்ச் லைட்டும் இரண்டு முறை சிமிட்டிவிட்டு ஓய்ந்தது. பையனுடைய தாயார் உள்ளே ஓடி, பழைய செல் டப்பாவிலிருந்து இரண்டு எடுத்து வந்தார். மங்கலாகத்தான் எரிந்தது.

பெரியவருடைய சட்டைப் பையில் துணியில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம் துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தோம். நம் பார்வையை அவரும் பார்த்துவிட்டார்.

"இதைத் தரமாட்டேன், சாரே" என்று கையால் மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு, "வாங்க, நான் கூட வாறேன்" என்று முன்னே நடந்தார்.